கடைமடை நேரலை

கரண்ட் போய்விட்டது என்று மின்வாரியத்துக்குப் போன் போட்டால், "சரிங்க சார், லைன்மேனை அனுப்புறோம்" என்றுதான் மலர்க்கொடிக்குப் பதில் வரும். சார் இல்லை, மேடம் என்று திருத்துவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். கரண்ட் வந்தால் சரி.

குரல் அப்படி. கனத்த குரல், அடியில் கொஞ்சம் கரகரப்பு. பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாடும் வரிசையில் நின்றவளைப் பார்த்து, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொன்னார் பாட்டு டீச்சர். அன்றைக்கு வாயை மட்டும் அசைத்தாள். மறுநாள் முழுசாகப் பாடினாள். முட்டிபோட வைத்தார்கள். முட்டிபோட்டுவிட்டு வந்து அதற்கடுத்த நாளும் பாடினாள். கடைசியில் டீச்சருக்குத்தான் சலித்துப்போனது.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால்கள் சின்னதாகிச் சின்னதாகிக் கடல் பக்கம் தாழ்ந்து முடிகிற இடத்தில் அவள் ஊர். கல்யாணமாகி வந்ததும் அதே கடைமடைக்குள் இன்னொரு ஊர்தான். கணவன் ரெத்தினம் டிராக்டர் ஓட்டுகிறவன். சொந்த வண்டி கிடையாது, யார் கூப்பிட்டாலும் போய் உழுது கொடுப்பான். அவள் நடவுக்குப் போனாள், களை எடுத்தாள், மகளிர் குழுவில் சேர்ந்தாள். மண்புழு உரம் தயாரிப்பது பற்றிப் பேசக் குழுவை வானொலிக்குக் கூப்பிட்டபோது மற்றவர்கள் மைக்கைக் கண்டதும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மலர்க்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழு நிகழ்ச்சியையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டாள்.

அந்த வானொலிக்கு வயலோசை என்று பெயர். சமுதாய வானொலி. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. கீழ்வேளூர் சாலையில் ஒரு பழைய உரக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறைக் கட்டடம், பக்கத்தில் ஒரு கோபுரம். சுற்றியுள்ள ஊர்களுக்கு மட்டும்தான் எட்டும். அறிவிப்பாளராக இருந்த பெண் கல்யாணமாகிப் போனபோது அந்த இடத்துக்கு மலர்க்கொடி வந்து நின்றாள். "பொம்பளைக் குரல் மாதிரியே இல்லையேம்மா" என்றார் நேர்முகத்தில் ஒருவர். "வயல்ல நிக்கிறவங்களுக்குக் கேட்டாப் போதும்ங்க, எனக்கு மாப்பிள்ளையா பாக்கப் போறாங்க" என்றாள். நிலையப் பொறுப்பாளர் ஐயாவு, ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே வேலை கிடைத்தது.

அவளே யோசித்து ஆரம்பித்த நிகழ்ச்சிதான் 'கடைமடை'. சாயங்காலம் ஆறரைக்கு நேரலை. மேட்டூர் திறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் விவசாயிகள் போன் செய்து, தண்ணீர் எங்கே வந்திருக்கிறது, எந்த மதகு திறந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் கோரை மண்டிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். அவள் அதை வாங்கி மறுபடி சொல்வாள். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு என்றுதான் கணக்கு. இன்ன ஊருக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த ஊர்க்காரன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். டீக்கடைகளில் ஆறரைக்கு டிவியை நிறுத்தி வைத்தார்கள்.

அந்த வருஷம் குறுவையைக் கடைமடையில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சம்பாவாவது வரட்டும் என்று புழுதியில் விதை தெளித்திருந்தார்கள். ஒரு மழை பெய்தது, விதை முளைத்தது, இரண்டு இலை விட்டது. அதோடு வானம் வாயை மூடிக்கொண்டது. கடைமடைக்குப் பாயும் சேந்தன் வாய்க்காலில் முறை வைத்து வர வேண்டிய தண்ணீரும் வரவில்லை. பயிர் நுனி சுருண்டு நின்றது.

அப்போதுதான் ஒருநாள் நேரலையில் தங்கையன் கூப்பிட்டார். வாய்க்கால் முடிகிற இடத்தில் குத்தகைக்கு எடுத்து உழுகிற பெரியவர்.

"மலரு, நான் இன்னைக்கு சைக்கிள எடுத்துக்கிட்டு வாய்க்கால் கரையோடயே மேல வரைக்கும் போயிட்டு வந்தேம்மா. கல்லுப்பாலம் வரைக்கும் தண்ணி ஜம்முனு வருது. பாலத்துக்குக் கீழ குறுக்கால மணல் மூட்டையா அடுக்கி வச்சிருக்கான். மேட்டு நெலத்துக்கு மோட்டார் போட்டு எறைக்கிறான். அதுக்குக் கீழ நண்டு நனையத் தண்ணி இல்ல."

"யார் அடுக்கினாங்கன்னு தெரியுமாங்க?"

"மூட்டையில பேரு எழுதி வக்கலம்மா."

மலர்க்கொடி மைக்கில் சொன்னாள்: "கல்லுப்பாலத்துக்குக் கீழ வாய்க்கால மறிச்சு மூட்டை போட்டிருக்கறதா தங்கையன் ஐயா சொல்றாங்க. அந்தப் பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கிட்டிருந்தா நீங்களும் கூப்பிட்டு, நீங்க பார்த்ததச் சொல்லுங்க."

கூப்பிட்டார்கள். ஒருவர் விடாமல் அதையே சொன்னார்கள்.

கல்லுப்பாலத்தை ஒட்டிய மேட்டு நிலம் யாருடையது என்று அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வயலோசையை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளருடையது. ரெத்தினம் வருஷா வருஷம் உழுகிற நிலமும் அதுதான்.

மறுநாள் காலையில் செயலாளரின் கார் கிடங்கு வாசலில் வந்து நின்றது. அவர் சத்தம் போடுகிற ஆள் கிடையாது. ஸ்டுடியோவுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நிகழ்ச்சி நல்லாப் போகுதுன்னு சொல்றாங்க. சந்தோஷம். ஆனா நேரலைன்னா யார் என்ன பேசுவான்னு சொல்ல முடியாது பாருங்க. சமுதாய வானொலியில செய்தி போடக் கூடாது. நாளைக்கு லைசென்சுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? இனிமே பதிவு பண்ணுங்க. நான் ஒரு தடவ கேட்டுடறேன். அப்புறம் போடலாம்."

"தண்ணி எங்க வந்திருக்குங்கறது தகவல் சார். தகவல் சொல்லலாம்னு அனுமதியிலேயே இருக்கு. ஐயாவு சாரே எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்காங்க" என்றாள் மலர்க்கொடி.

ஐயாவு மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னைக்கு சாயங்காலம் வந்த தண்ணிய நாளைக்கு மத்தியானம் சொன்னா, அது எதுக்கு சார் ஆகும்?" என்று அவளே தொடர்ந்தாள். "பதிவு பண்ணி நான் போட மாட்டேன்."

செயலாளர் எழுந்துகொண்டார். "பாருங்க ஐயாவு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் யுஎஸ்பி மக்கர் பண்ணியது.

வயலோசையில் ஏற்பாடு இப்படி. மைக்கும் போனும் மிக்சர் என்கிற பெட்டிக்குள் போகும். மிக்சரிலிருந்து ஒரே ஒரு யுஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரிலிருந்துதான் ஒலி கோபுரத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு கேபிள் வேலை செய்யாவிட்டாலும் பாட்டு ஓடும், பதிவான நிகழ்ச்சி ஓடும். உயிரோடு ஒருத்தர் உட்கார்ந்து பேச மட்டும் முடியாது.

ஆறரை அடிக்கப் போகிற நேரத்தில் கம்ப்யூட்டர் "டுங்" என்றது. கேபிளைச் சொருகும்போது வருகிற சத்தம். யாரும் எதையும் சொருகவில்லை. உடனே கழற்றும்போது வருகிற சத்தம். பிறகு மறுபடி டுங். திரையின் மூலையில் கட்டம் எழும்பி, இணைத்திருக்கும் யுஎஸ்பி கருவியை அடையாளம் காண முடியவில்லை என்றது. மைக் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் படுத்துவிட்டன. மலர்க்கொடி கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே கட்டம். அன்று 'கடைமடை' நேரத்தில் பாட்டுத்தான் ஓடியது. வெளியே போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"விடும்மா" என்றார் ஐயாவு. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "மிக்சர் போயிடுச்சு போல. புதுசு வாங்க கமிட்டிக்கு எழுதிடறேன். வர்ற வரைக்கும் பதிவு பண்ணிப் போட்டுக்கலாம். நம்ம மேல யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"கமிட்டின்னா யார் சார்? செயலாளர்தானே?"

அவர் கடிதம் எழுதத் தாளைத் தேடினார்.

மறுநாள் காலையில் வந்ததும் மலர்க்கொடி அன்சாருக்குப் போன் போட்டாள். கீழ்வேளூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். வயலோசைக்கு எது பழுதானாலும் அவன்தான்.

"அக்கா, மொதல்ல முன்பக்க ஓட்டையில சொருகாதீங்க. சிபியு பின்னாடி இருக்கறதுல சொருகுங்க. நடுவுல ஹப் இருக்கா?"

"இருக்கு. பென்டிரைவு, பிரிண்டர் எல்லாம் அதுலதான்."

"அத எடுத்துக் கடாசுங்க. நேரா போடுங்க."

போட்டாள். டுங், டுங்.

"கேபிள மாத்துங்க. பிரிண்டருக்கு வர்ற கேபிளும் அதேதான், ஒரு பக்கம் சதுரமா இருக்கும்."

மாற்றினாள். டுங்.

"டிவைஸ் மேனேஜரத் தொறங்க. மஞ்சக் கலர்ல முக்கோணம் தெரியுதா?"

"தெரியுது."

"அது மேல வச்சு அன்இன்ஸ்டால் குடுங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. கேபிளப் பிடுங்கிட்டு, கம்ப்யூட்டர அணைச்சு, கரண்ட் ஒயரையும் பிடுங்கிட்டு, பவர் பட்டன அப்படியே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டிருங்க. உள்ள தங்கியிருக்கற கரண்ட் போகட்டும். அப்புறம் போடுங்க. இன்னொண்ணு, கரண்ட்ட மிச்சம் பண்றதுக்காக யுஎஸ்பிய அணைச்சுக்கலாம்னு ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துடுங்க."

எல்லாம் செய்தாள். மிக்சர் வந்தது. பச்சைக் கோடுகள் எழுந்து ஆடின. "ஹலோ" என்றாள்; கோடு உச்சிக்குப் போய்ச் சிவப்பைத் தொட்டது. ஐயாவு கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நேரலை தொடங்கியது. முதல் ஆளாகத் தங்கையன் வந்தார். மூட்டை அப்படியே இருக்கிறது என்று ஆரம்பித்து, "இன்னைக்குக் காலையில நாங்க நாலஞ்சு பேரு போயி" என்று அவர் சொல்லும்போது டுங் என்றது. பச்சைக் கோடு படுத்தது. வானொலியில் ஒன்றுமே இல்லை, வெறும் நிசப்தம். மலர்க்கொடி கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். வரவில்லை. வேறு வழியின்றிப் பாட்டைப் போட்டாள். தங்கையன் போனில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

மேசை மேல் இருந்த அவள் செல்போன் அடித்தது. செயலாளர்.

"என்னம்மா, மிஷினே வேண்டாங்குது போலிருக்கே" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனால் ரெத்தினம் வாசலில் உட்கார்ந்திருந்தான். கல்லுப்பாலத்து நிலத்துக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வேறு ஆள் பார்த்துக்கொண்டார்களாம்.

"உன்ன யாரு மலரு இதெல்லாம் பேசச் சொன்னா? தண்ணி வந்தா வருது, வராட்டிப் போவுது. நமக்கென்ன நெலமா இருக்கு?" என்றான்.

"எனக்கு நெலம் இல்ல. காது இருக்கு. நாளெல்லாம் எனக்குப் போன் பண்ணி அழுவறது உங்களுக்கா கேக்குது?"

"சரி, நம்ம சோத்துக்கு என்ன வழி?"

"கடைமடையில தண்ணி வந்தாதாங்க அங்க உழவு. அங்க உழவு இருந்தாத்தான் உங்களுக்கு வேல. அந்த ஒரு ஆளு நெலத்த மட்டும் நம்பியா இந்த ஊருல டிராக்டர் ஓடுது?"

அவன் எழுந்து உள்ளே போனான். கோபம் தணிந்ததா என்றால் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அவளை வானொலிக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "அன்சார வரச் சொல்லு. போன்லயே பேசிக்கிட்டிருந்தா எந்த வண்டியும் சரியாவாது" என்றான்.

அன்சார் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு லேப்டாப்போடு வந்தான். மலர்க்கொடி முதலில் கேட்டது: "தம்பி, உள்ளதச் சொல்லு. யாராவது கைய வச்சுட்டாங்களா?"

அவன் மிக்சரைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தான், சிபியுவின் பின்பக்கத்தைப் பார்த்தான். "யாரும் தொட்ட மாதிரி இல்லக்கா. மொதல்ல குத்தம் மிக்சர்லயா கம்ப்யூட்டர்லயான்னு பாத்துடுவோம்."

மிக்சரை லேப்டாப்பில் சொருகினான். உடனே எடுத்துக்கொண்டது. மலர்க்கொடி பேசினாள், பாடினாள், மேசையைத் தட்டினாள். கொஞ்சமும் அசையவில்லை. "அப்ப மிக்சர் நல்லாருக்கு. கம்ப்யூட்டர்தான்" என்றான். தப்பு கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் லேப்டாப் சார்ஜரை எடுத்துச் சுவரில் மாட்டினான். மாட்டிய அடுத்த நொடி, டுங். மிக்சர் போய்விட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்சார் சார்ஜரைப் பிடுங்கினான். கேபிளை எடுத்துப் போட்டான், மிக்சர் வந்தது. மறுபடி மாட்டினான். டுங்.

"கம்ப்யூட்டரும் நல்லாத்தாங்க்கா இருக்கு" என்றான் மெதுவாக. "சொவத்துலேருந்து வருது பிரச்சன. இந்த மைக் ஸ்டாண்டத் தொட்டா உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"சுருக்குன்னு இருக்கும். எறும்பு கடிச்ச மாதிரி. கொஞ்ச நாளாவே இருக்கு."

"அத ஏங்க்கா சொல்லல?"

"இரும்புன்னா அப்படித்தான்னு நெனச்சேன்."

"எர்த் இல்லக்கா. கசியிற கரண்ட்டுக்கு மண்ணுக்குள்ள போக வழி கெடைக்கல. அது இந்த யுஎஸ்பி கேபிள் வழியா பூந்து பூந்து வருது. மிக்சர் தாங்க மாட்டாம தன்னக் கழட்டிக்குது. எர்த் குழி எங்க இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. ஐயாவுவைக் கேட்டார்கள். அவர் கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். காட்டாமணக்குச் செடிகளை விலக்கி, உடைந்த சிமெண்டு மூடியைப் புரட்டினான் அன்சார். உள்ளே குழாயைச் சுற்றியிருந்த களிமண் காய்ந்து சுருங்கிப் பிளந்து கிடந்தது. குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் விரலை விடலாம். கிடங்குப் பக்கம் ஓடும் சின்ன வாய்க்காலில் தண்ணீர் வரும் வருஷங்களில் அந்த மண் எப்போதும் ஈரமாக இருந்திருக்கும். குழாயில் கட்டியிருந்த கம்பி பச்சைக் களிம்பு பூத்து, ஒற்றை இழையில் தொங்கியது.

மெயினை அணைத்துவிட்டு அன்சார் கம்பியை நறுக்கி, சுரண்டி, புது போல்ட் போட்டு முறுக்கினான். மலர்க்கொடி தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். மண் சத்தம் போட்டுக் குடித்தது. ஐயாவு கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"வெறும் தண்ணி நிக்காதும்மா. கல்லுப்பும் அடுப்புக்கரியும் போடணும். எட்டாங் கிளாஸ் பாடத்துல நடத்தியிருக்கேன்" என்றார். தெருமுனைக் கடைக்கு அவரே நடந்துபோய் உப்புப் பையை இடுக்கிக்கொண்டு வந்தார். கரியை டீக்கடையில் கேட்டு வாங்கினார். குழிக்குள் போட்டு, பிளவுகளை மண் தள்ளி மூடி, காலால் மிதித்தார்.

மெயினைப் போட்டார்கள். மிக்சர் வந்தது. சார்ஜரை மாட்டினார்கள், ஏசியைப் போட்டார்கள், பிரிண்டரை ஓடவிட்டார்கள். ஒரு டுங்கும் இல்லை. மைக் ஸ்டாண்டை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள், எறும்பு கடிக்கவில்லை. அன்சார் கடைக்குக் கிளம்பினான்.

அவன் போனதும் மலர்க்கொடி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆறரைக்கு நேரலை போறேன் சார்."

ஐயாவு கண்ணாடியைக் கழற்றினார். "மிஷின் சரி பண்ணினது நல்ல விஷயம்மா. நானும்தான் கூட நின்னேன். ஆனா நேரலை வேண்டாம். காலையிலகூட செயலாளர் போன் பண்ணினாரு."

"எங்கிட்ட மிஷின் சரியில்லன்னுதானே சொன்னீங்க? நேயருங்க கேட்டப்ப நானும் அதத்தான் சொன்னேன். இப்ப மிஷின் சரியாயிருச்சு. இன்னைக்கும் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"ஏதாவது சொல்லேன்."

"ஏதாவது சொல்ல எனக்கு வராது சார். செயலாளர் வேண்டாம்னு சொல்லிட்டாரு, அதனால நிகழ்ச்சி இல்லன்னு மைக்குல சொல்லிட்டுப் பாட்டப் போட்டுடறேன். அதச் சொல்லலாமா?"

"ஏம்மா, ஒன்னோட வேலைய நெனச்சுப் பாக்க மாட்டியா? என்னையும் சேத்துத்தான்."

"நெனச்சுப் பாத்துட்டேன் சார். நேத்து எங்க வீட்டுக்காரர் வேலை போயிடுச்சு. இன்னைக்கு எனக்குப் போனா, ரெண்டு பேரும் சேந்து நடவுக்குப் போவோம். ஆனா நடவுன்னு ஒண்ணு அங்க இருக்கணும். நீங்க வேண்டாம்னு உத்தரவா சொல்லுங்க, நான் எழுந்துடறேன். உங்க வாயால சொல்லுங்க, அவர் சொன்னார்னு சொல்லாதீங்க."

ஐயாவு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு எழுந்து ஸ்டுடியோக் கதவைத் திறந்து, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாராவது வந்தால் முதலில் தன்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதுபோல இருந்தது அவர் உட்கார்ந்த விதம்.

ஆறரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். வயலோசையில் இது கடைமடை. நேத்து தங்கையன் ஐயா பேசிக்கிட்டிருக்கும்போது நம்ம மைக் நின்னுபோச்சு. பழுது பாத்தாச்சு. நேத்து எந்த இடத்துல விட்டாரோ, அந்த இடத்துலேருந்து அவரே சொல்லட்டும்."

தங்கையன் சொன்னார். நாலைந்து பேர் போய் மூட்டையை எடுக்கச் சொல்லிக் கேட்டதையும், ஆட்கள் விரட்டியதையும், அதிகாரிகளிடம் மனுக் கொடுத்ததையும் நிதானமாகச் சொன்னார். அடுத்து ஓர் அம்மாள், தன் பயிர் எத்தனை இலையில் நிற்கிறது என்று சொல்லும்போதே குரல் உடைந்து வைத்துவிட்டாள். கல்லுப்பாலத்துக்கு மேலே இருக்கிற ஒருவரும் கூப்பிட்டார். தனக்குத் தண்ணீர் நிறைய இருக்கிறது என்றும், கீழே விட்டால் தனக்கொன்றும் குறையாது என்றும் சொன்னார். மலர்க்கொடி யார் பெயரையும் சேர்க்கவில்லை, யாரையும் திட்டவில்லை. சொன்னதை வாங்கி, ஊர்ப் பெயரோடு மறுபடி சொன்னாள். "செயலாளர்" என்று அவள் செல்போன் திரையில் எழுத்து ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது. அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளை எடுத்தாள்.

மறுநாள் காலையில் கடைமடை ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகக் கல்லுப்பாலத்துக்குத் திரண்டு போனார்கள். ரெத்தினமும் போனான், இரவல் டிராக்டரின் டிப்பரில் ஆள் ஏற்றிக்கொண்டு போனான். பாசனப் பணியாளர்கள் வந்து அளந்து பார்த்தார்கள். வெயில் ஏறுவதற்குள் மூட்டைகள் கரைக்கு வந்துவிட்டன. தண்ணீர் முதலில் நுரையும் சருகுமாக, பிறகு செம்மண் நிறத்தில், கோரைகளைப் படுக்க வைத்துக்கொண்டு இறங்கியது.

எல்லாருக்கும் போதவில்லை. கடைமடையிலேயே கொஞ்சம் மேடாக இருந்த சில வயல்களில் பயிர் அதற்குள் கருகியிருந்தது. அவர்கள் மறுபடி விதைத்தார்கள். தங்கையனுக்குப் பாதி தேறியது. ரெத்தினத்தைக் கல்லுப்பாலத்தில் மறுபடி யாரும் கூப்பிடவில்லை. மறுவிதைப்புக்காரர்கள் கூப்பிட்டார்கள், அதுவும் கடனுக்குத்தான்.

அறக்கட்டளை கூடியது. மலர்க்கொடியை வெளியே அனுப்ப வேண்டும் என்றுதான் பேச்சு எழுந்ததாம். கிடங்கு வாசலில் விவசாயிகள் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். முடிவைச் சொல்ல ஐயாவு வந்தார். சாயங்கால நேரத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 'கடைமடை' இனிமேல் காலை ஆறு மணிக்கு. யாரும் கேட்காத நேரம் என்றார்.

"அவங்க எந்திரிக்காத நேரம்னு சொல்லுங்க சார்" என்றாள் மலர்க்கொடி. "ஆறு மணிக்கு எங்காளுங்க வரப்புல நிப்பாங்க. செல்லுல ரேடியோவப் போட்டு மடியில வச்சுக்கிட்டுத்தான் தண்ணி பாய்ச்சுவாங்க. கண்ணால பாத்துக்கிட்டே சொல்லலாம். இது இன்னும் வசதி."

ஐயாவு அதைக் கமிட்டியிடம் சொல்லவில்லை.

முதல் காலை ஒளிபரப்பில் ஊர் ஊராக வந்தார்கள். இன்ன மதகில் முழங்கால் அளவு, இன்ன வாய்க்காலில் கணுக்கால் அளவு. முடிக்கப் போகும்போது புது ஆள் ஒருவர் கூப்பிட்டார். வாய்க்கால் முடிந்து உப்பு மண் ஆரம்பிக்கிற ஓரத்தில் நிலமாம். தங்கையன் நிலத்துக்கும் கீழே.

"எங்க பக்கம் இன்னும் வரலம்மா" என்றார்.

"ஊர் பேரச் சொல்லுங்க."

சொன்னார். அவள் அதை மைக்கில் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள்.

"நாளைக்கும் கூப்பிடுங்க ஐயா. வந்துச்சா இல்லையான்னு நான் கேப்பேன். வர்ற வரைக்கும் கேப்பேன்."